ஹாஃபிஸின் கஸலை எப்படிப் படிப்பது?

ஷிராஸை ஆண்ட ஷா ஷுஜாவுக்கும் கவிதை எழுதும் பழக்கம் உண்டு. அவர் ஒருநாள் பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸிடம் குறைபட்டுக்கொண்டாராம். உம்முடைய கஸல் எதுவும் ஒரே பொருளில் நிற்பதில்லை, சில அடிகள் மதுவைப் பற்றி, சில அடிகள் ஞானத்தைப் பற்றி, அப்புறம் திடீரென்று காதல், இப்படித் தாவுவது நல்ல கவிதைக்கு அழகில்லை என்றாராம். மன்னர் சொல்வதெல்லாம் சரிதான், ஆனாலும் ஹாஃபிஸின் பாட்டு ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது, மற்றவர்களின் பாட்டோ ஷிராஸின் வாசலைத் தாண்டவில்லை என்று பதில் வந்ததாம். அந்த 'மற்றவர்கள்' யார் என்று மன்னருக்குப் புரியாமலா இருந்திருக்கும்? 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் க்வாந்தமீர் சொல்லும் கதை இது. உண்மையில் நடந்ததோ இல்லையோ, ஹாஃபிஸை முதன்முதலில் படிக்கிற யாருக்கும் மன்னரின் சந்தேகம்தான் வரும். அடுத்த அடிக்கும் இந்த அடிக்கும் என்ன சம்பந்தம்?

கவிஞரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழுப்பெயர் ஷம்சுத்தீன் முஹம்மத். குர்ஆனை மனப்பாடமாக அறிந்தவர் என்பதால் ஹாஃபிஸ் என்ற பட்டம், அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார். 14ஆம் நூற்றாண்டில் ஈரானின் தென்பகுதியிலுள்ள ஷிராஸில் பிறந்து, ஏறக்குறைய வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்து, 1390 வாக்கில் அங்கேயே இறந்தார். அவர் பேர் சொல்வது அவருடைய கஸல்கள்தான். 1941இல் கஸ்வீனியும் கனியும் பதிப்பித்த திவானில், அதாவது கவிதைத் தொகுப்பில், 495 கஸல்கள் இருக்கின்றன. தன் பாடல்களை அவரே தொகுத்து வைக்கவில்லை. அதனால் சுவடிக்குச் சுவடி பாடல்களின் எண்ணிக்கை மாறும், ஒரே பாடலுக்குள் அடிகளின் வரிசையும் மாறும். இந்த வரிசை விஷயம் பின்னால் உதவும்.

கஸலின் அமைப்பு எளிது. இரண்டிரண்டு அடிகளாக வரும் ஈரடிகள், பாரசீகத்தில் 'பெய்த்'. பொதுவாக ஏழிலிருந்து பன்னிரண்டு வரை இருக்கும். முதல் ஈரடியில் இரண்டு அடிகளும் ஒரே மாதிரி முடிய வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஈரடியிலும் இரண்டாவது அடி மட்டும் அப்படி முடிந்தால் போதும். அந்த முடிவுக்குள் இரண்டு துண்டுகள் இருக்கும். மாறாமல் திரும்பத் திரும்ப வரும் சொல் 'ரதீஃப்', அதற்கு முன்னால் ஒலி ஒத்து வருவது 'காஃபியா'. ரதீஃப் எல்லாக் கஸலிலும் இருக்காது, காஃபியா இல்லாமல் கஸலே இல்லை. கடைசி ஈரடியில் கவிஞர் தன் புனைபெயரைச் சொல்வார். உருது கஸல் கேட்டுப் பழகியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததுதான், உருதுவுக்குப் போனதே பாரசீகத்திலிருந்து.

இலக்கணம் போதும். ஒரே ஒரு கஸலை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். ஹாஃபிஸின் பாடல்களிலேயே வெளியுலகில் மிகவும் புகழ்பெற்ற 'ஷிராஸ் துருக்கி' கஸல். ஒன்பது ஈரடிகள். முதல் அடி இப்படி ஒலிக்கும்:

அகர் ஆன் துர்கெ ஷீராஸீ பெதஸ்த் ஆரத் தெலே மாரா

வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். அகர்ஆன்துர், கெஷீராஸீ, பெதஸ்தாரத், தெலேமாரா. ஒரு குறுகிய அசைக்குப் பின் மூன்று நீண்ட அசைகள், இப்படி நான்கு முறை. பாரசீக யாப்பில் இதற்கு ஹஸஜ் என்று பெயர். நம் யாப்பு படித்தவர்கள் அலகிட்டுப் பார்த்தால் நான்கும் நிரை நேர் நேர், அதாவது நான்கு புளிமாங்காய்! இரண்டு யாப்புக்கும் உறவு ஏதும் இல்லை, தற்செயல்தான். ஆனால் தமிழ்க் காதுக்கு இந்தச் சந்தம் அந்நியமாகப் படாததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு மொழியும் அழுத்தத்தைப் பார்க்காமல் குறில் நெடிலை எண்ணுகின்றன.

இந்தக் கஸலின் ரதீஃப் 'ரா'. அதற்குத் தனியாக அர்த்தம் கிடையாது. நமக்கு இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்கிற வேலையைப் பாரசீகத்தில் அது செய்கிறது. இவ்வளவு சாதாரணமான ஓர் உருபை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் 'ஆ' என்று முடியும் சொற்களாக நிறுத்துகிறார். மாரா, புகாரா ரா, முஸல்லா ரா, ஸுலைகா ரா, தானா ரா. வெறும் வேற்றுமை உருபு தாளக்கட்டாகிவிட்டது.

இனி பொருளுக்கு வரலாம். முதல் ஈரடி: "அந்த ஷிராஸ் துருக்கி நம் இதயத்தைக் கையில் ஏந்திக்கொண்டால், அந்த இந்து மச்சத்துக்காக சமர்கந்தையும் புகாராவையும் கொடுத்துவிடுவேன்."

துருக்கியும் இந்துவும் இங்கே என்ன செய்கிறார்கள்? பாரசீகக் காதல் கவிதையில் துருக்கி என்றால் வெளுத்த நிறமுள்ள, இரக்கமில்லாத அழகு. இந்து என்றால் கறுப்பு. இரண்டும் ஹாஃபிஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே வழக்கில் வந்துவிட்ட குறியீடுகள். வெளுத்த முகத்தில் கறுத்த மச்சம், அவ்வளவுதான் படம். ஆனால் அதைச் சொல்லத் தேர்ந்தெடுத்த சொற்களைப் பாருங்கள். துருக்கி, ஷிராஸ், இந்து, சமர்கந்து, புகாரா என்று ஒரு தேசப்படமே இரண்டு அடிக்குள் விரிகிறது. ஒரே குடும்பத்துச் சொற்களை ஓரிடத்தில் கூட்டிவைக்கும் இந்த உத்திக்கு 'தனாஸுப்' என்று பெயர். எல்லாக் கவிஞர்களும் செய்வதுதான். ஹாஃபிஸ் செய்யும்போது அது தெரியாது, ஓர் ஊர்ப்பெயரையும் மாற்றி வைக்க முடியாது என்பது பிறகுதான் உறைக்கும்.

இந்த ஈரடியைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. சமர்கந்து தைமூரின் தலைநகரம். நான் இவ்வளவு நாடுகளை அழித்து அழகுபடுத்திய நகரத்தை ஒரு மச்சத்துக்குக் கொடுத்துவிட்டாயா என்று தைமூர் அதட்ட, இப்படிக் கொடுத்துக் கொடுத்துத்தான் இந்த ஏழ்மைக்கு வந்துவிட்டேன் என்றாராம் ஹாஃபிஸ். தைமூர் ஷிராஸுக்குள் முதலில் நுழைந்தது 1387இல், அப்போது கவிஞர் உயிரோடு இருந்தார். கதையை எழுதிவைத்த தௌலத்ஷா நூறாண்டுக்குப் பிந்தியவர், அவர் தரும் தேதியில் ஹாஃபிஸ் இறந்தே போயிருந்தார். அதனால் வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கதை கட்டியவருக்குக் கவிதை நன்றாகப் புரிந்திருக்கிறது. தன்னுடையதல்லாத நகரங்களைத் தாராளமாகத் தானம் செய்யும் அந்தக் குறும்புதான் ஈரடியின் உயிர்.

சரி, அந்தத் துருக்கி ஆணா பெண்ணா? பாரசீகத்தில் பெயருக்கும் வினைக்கும் பால் வேறுபாடு கிடையாது. அவன், அவள், அது எல்லாம் ஒரே சொல். காதலியா, காதலனா, படைவீரனா, புரவலரா, இறைவனா என்று ஹாஃபிஸ் சொல்லத் தேவையே இல்லை, சொல்வதும் இல்லை. மேலே என் தமிழில் 'ஏந்திக்கொண்டால்' என்று எழுதித் தப்பித்துக்கொண்டேன். 'ஏந்தினாள்' என்றோ 'ஏந்தினான்' என்றோ எழுதியிருந்தால் கவிதையின் பாதிக் கதவை நானே சாத்தியிருப்பேன். 1771இல் இதை ஆங்கிலத்தில் பாடிய வில்லியம் ஜோன்ஸ் முதல் அடியிலேயே இளம்பெண்ணாக்கிவிட்டார்.

இரண்டாவது ஈரடி: "சாகி, மிச்ச மதுவை ஊற்று. ருக்னாபாத்தின் நீரோரத்தையும் முஸல்லாவின் பூந்தோட்டத்தையும் சொர்க்கத்தில்கூட நீ காணமாட்டாய்." சாகி என்பது மது ஊற்றிக் கொடுப்பவர். முஸல்லா ஷிராஸின் வடபுறத்தில் இருந்த தொழுகைத் திடல். ருக்னாபாத், 10ஆம் நூற்றாண்டில் ருக்னுத் தௌலா வெட்டுவித்த நீர்வழி. அதாவது, உள்ளூர்க்காரர் தினமும் பார்க்கிற ஒரு கால்வாய்க்கரையைச் சொர்க்கத்துக்கு மேலே வைக்கிறார், அதுவும் தொழுகைத் திடலின் பக்கத்தில் மதுவோடு உட்கார்ந்துகொண்டு! 'மெயே பாகீ' என்றால் மிச்சமிருக்கும் மது. 'பாகீ' என்பதற்கு என்றும் அழியாதது என்றும் பொருள் உண்டு, இறைவனின் திருப்பெயர்களில் ஒன்றும் அதுவே. குடுவையின் அடியில் கிடக்கும் மிச்சமா, அழிவில்லாத ஞானமா? 'ஸாகீ', 'பாகீ' என்று இரண்டும் அடுத்தடுத்து ஒலித்துவிட்டுப் போய்விடுகின்றன, யோசிக்க நேரம் கொடுப்பதில்லை.

அடுத்த மூன்று ஈரடிகளில்தான் மன்னர் சொன்ன தாவல். மூன்றாவதில், நகரையே கலக்கும் லூலிகள் என்ற ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். விருந்தில் பரப்பிய பண்டங்களைத் துருக்கியர் சூறையாடுவதுபோல நெஞ்சின் பொறுமையை அள்ளிப்போய்விட்டார்களாம். நான்காவதில், அழகான முகத்துக்கு ஒப்பனையும் மச்சமும் எதற்கு என்று கேட்கிறார். ஐந்தாவதில் பழைய காதல் கதையின் யூசுஃபும் ஸுலைகாவும். முதலில் பார்த்தால் சிதறல்தான். திரும்பப் பார்த்தால், முதல் ஈரடியின் துருக்கி மூன்றாவதில் சூறைக்காரராக வந்திருக்கிறார். சமர்கந்தைக் கொடுத்து வாங்கப்போன மச்சம், நான்காவதில் தேவையே இல்லை என்று தள்ளப்படுகிறது. மேலே கதை அறுந்துபோனாலும் அடியில் சொற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. சுவடிகளில் வரிசை மாறினாலும் பாட்டு கலைந்துபோகாததற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். இவருக்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர், அதே ஷிராஸ்காரர், ஸஅதி. அவருடைய கஸலில் ஓர் உணர்ச்சி தொடங்கி, வளர்ந்து, முடியும். அதைப் படித்துவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஆறாவதை விட்டுவிட்டு ஏழுக்கும் எட்டுக்கும் போகிறேன். ஏழாவது ஈரடியில் குரல் கனமாகிறது: "அன்பே, அறிவுரை கேள். நற்பேறு பெற்ற இளைஞர்கள் அறிவுள்ள முதியவரின் சொல்லை உயிரினும் மேலாக மதிப்பார்கள்." நிமிர்ந்து உட்காருகிறோம். என்ன அறிவுரை? எட்டாவது சொல்கிறது: "இசைஞரையும் மதுவையும் பற்றிப் பேசு, காலத்தின் ரகசியத்தை ரொம்பத் தேடாதே. அறிவைக்கொண்டு இந்தப் புதிரை யாரும் அவிழ்த்ததில்லை, அவிழ்க்கப்போவதும் இல்லை." உபதேசத்தின் குரலை இரவல் வாங்கி, உபதேசி சொல்லவே சொல்லாததைச் சொல்கிறார். நகைச்சுவை என்று சிரித்துவிட்டு நகரலாம். ஆனால் அதன் இரண்டாவது அடியில் நகைச்சுவை எதுவுமே இல்லை. ஹாஃபிஸின் குரலில் கிண்டலும் துயரமும் இப்படித்தான் ஒரே மூச்சில் வரும்.

ஒன்பதாவது, பெயர் வரும் இடம்: "கஸல் சொன்னாய், முத்துத் துளைத்தாய். வா ஹாஃபிஸ், இனிமையாகப் பாடு. உன் பாட்டின்மேல் வானம் கார்த்திகை மீன்களின் மாலையை வீசுகிறது." 'கஸல் கொஃப்தீ ஒ தொர் ஸொஃப்தீ' என்று அடிக்குள்ளேயே ஓர் எதிரொலி. பாட்டு என்பதற்கு அவர் இங்கே எழுதிய சொல் 'நஸ்ம்'. முத்தைக் கோத்தல் என்பதும் அதன் பொருள்தான். முத்து, கோத்தல், விண்மீன் மாலை என்று மறுபடியும் ஒரே குடும்பம். மூலத்தில் இருப்பது முறையாகக் கோத்த முத்து. ஜோன்ஸோ கடைசியில் அதைத் தாறுமாறாகக் கோத்த கீழைத்தேய முத்துகளாக்கிவிட்டார். ஹாஃபிஸின் கஸலுக்கு ஒழுங்கே கிடையாது என்ற பேச்சு ஐரோப்பாவில் நெடுங்காலம் ஓடியதில் அந்த வரிக்கும் பங்கு உண்டு.

இதுவரை பார்த்ததில் 'பாகீ'யும் 'நஸ்ம்'மும் ஒரே உத்தியின் சிறிய மாதிரிகள். அதற்கு 'ஈஹாம்' என்று பெயர். நம் சிலேடைக்குப் பக்கத்து வீடு, ஆனால் அதே வீடு இல்லை. காளமேகத்தின் சிலேடையில் இரண்டு பொருளும் முதலிலிருந்து கடைசிவரை கூடவே ஓடும், ஓடுகிறது என்று நமக்கும் தெரியும், கைதட்டுவோம். ஈஹாமில் ஒரு பொருள் முன்னால் நிற்கும். இன்னொன்று பின்னால் நிழலாடும். அது நிழலா நம் கற்பனையா என்ற சந்தேகம் கடைசிவரை தீராது.

திவானின் முதல் கஸலில் ஒரு ஈரடி இருக்கிறது. சுமாராக இப்படிச் சொல்லலாம்: "காலைத் தென்றல் என்றாவது அந்த முன்கூந்தலிலிருந்து அவிழ்த்துவிடும் கஸ்தூரியின் மணத்துக்காக, அந்தக் கஸ்தூரிச் சுருளின் முறுக்கில் இதயங்களில் எவ்வளவு ரத்தம்!" மணம் என்பதற்கு மூலத்தில் உள்ள சொல் 'பூ' (நம் பூ அல்ல). அதற்கு நம்பிக்கை, ஏக்கம் என்றும் பொருள். ஆகவே 'மணத்தினால்' என்றும் படிக்கலாம், 'கிடைக்கும் என்ற ஆசையில்' என்றும் படிக்கலாம். முறுக்கு என்பதற்கு 'தாப்'. அது சுருளும் கூட, வெப்பமும் கூட. 'மோஷ்கீன்' என்றால் கஸ்தூரி மணமுள்ளது, கஸ்தூரிபோல் கறுத்தது. இதயத்தில் ரத்தம் என்றால் காதலரின் வேதனை. ஆனால் கஸ்தூரி எப்படி உண்டாகிறது? மானின் தொப்புளில் ரத்தம் உறைந்து கஸ்தூரியாகிறது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அதனால் ரத்தம், வெப்பம், கறுப்பு, மணம் எல்லாம் சேர்ந்து, காதலர் நெஞ்சிலேயே கஸ்தூரி விளைகிறது என்ற இன்னொரு படம் பின்னால் எழுகிறது. ஹாஃபிஸ் அதை எங்கேயும் சொல்லவில்லை. இரண்டு அடி, அவ்வளவுதான்.

உத்திகளோடு, அவர் கவிதையில் திரும்பத் திரும்ப வரும் ஆட்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் ஸாஹித், ஸூஃபி, முஹ்தஸிப். ஸாஹித் என்பவர் நோன்பும் தொழுகையுமாக இருந்துகொண்டு மற்றவர்களை எடைபோடும் பக்திமான். ஸூஃபி, ஹாஃபிஸிடம் பெரும்பாலும் கிழிசல் அங்கிக்குள் ஏமாற்றை ஒளித்துவைத்திருப்பவர். முஹ்தஸிப் சந்தையையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் அதிகாரி. எதிர்ப்பக்கம் ரிந்த், குடிகாரர், ஊரார் மதிக்காதவர், ஆனால் பொய்வேஷம் போடாதவர். அவருக்குக் குரு, மதுக்கடை நடத்தும் 'பீரே முகான்' என்ற மகியக் (ஜரதுஷ்டிர சமயக்) கிழவர். ஹாஃபிஸ் எப்போதும் ரிந்தின் பக்கம். குடிப்பது சின்னப் பாவம், பாசாங்குதான் பெரிய பாவம் என்பது அவர் நூறு விதமாகச் சொல்லும் கட்சி.

இந்த ஆட்கள் வெறும் குறியீடுகள் இல்லை, நகரத்தில் நடமாடியவர்கள். 1353இல் ஷிராஸைப் பிடித்த முபாரிஸுத்தீன் முஹம்மத் மதுக்கடைகளை மூடினார், கெடுபிடி அதிகமானது. ஊரார் அவரையே முஹ்தஸிப் என்று கேலி பேசினார்கள். அந்தக் காலத்துக் கஸலாகச் சொல்லப்படும் ஒன்று இப்படித் தொடங்கும்: "மது மகிழ்ச்சி தருகிறது, காற்று பூவைத் தூவுகிறது, என்றாலும் யாழொலியோடு குடிக்காதே, முஹ்தஸிப் கூர்மையானவர்." மதுவுக்கு 'பாதெ', காற்றுக்கு 'பாத்'. இரண்டு இன்பமும் ஏறக்குறைய ஒரே ஒலி, அதன் மேல் 'தீஸ் அஸ்த்' (கூர்மையானவர்) என்று கத்திபோல முடிகிறது அடி. 1358இல் முபாரிஸுத்தீனை அவர் மகனே சிறைபிடித்துக் கண்ணைக் குருடாக்கினார். அந்த மகன்தான் நாம் முதலில் பார்த்த ஷா ஷுஜா. இது ஷா ஷுஜாவின் காலம், தைரியமாகக் குடி என்று வானத்திலிருந்து நற்செய்தி வந்ததாக ஹாஃபிஸ் ஒரு கஸலைத் தொடங்கினார்.

அப்படியானால் அவர் மது உண்மை மதுவா, இறைக்காதலா? அறுநூறு ஆண்டாக நடக்கும் சண்டை இது. 16ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய போஸ்னியர் ஸூதி, ஞானார்த்தம் தேடாமல் சொல்லையும் இலக்கணத்தையும் பிடித்துக்கொண்டு போனார். மற்ற உரைகாரர்கள் சாகி என்றால் குரு, கூந்தல் என்றால் மாயத்திரை என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஹாஃபிஸைப் படிக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். 'பாகீ'யில் பார்த்தோமே, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடாமல் செய்வதற்குத்தான் அவ்வளவு வேலைப்பாடும். ஒன்றை முடிவு செய்துவிட்டால் மிஞ்சுவது, ஒன்று குடிப்பாட்டு அல்லது தத்துவப் பாட்டு. இரண்டுக்கும் பாரசீகத்தில் பஞ்சமே இல்லை.

ஈரானியர்கள் இந்தக் குணத்தை வேறொரு விதமாகவும் பயன்படுத்துகிறார்கள். ஆண்டின் மிக நீண்ட இரவான யல்தாவில் குடும்பமாக உட்கார்ந்து, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு திவானைப் பிரிப்பார்கள். கண்ணில் படும் கஸல்தான் பதில். 'ஃபாலே ஹாஃபிஸ்' என்பது இந்த வழக்கத்தின் பெயர். கல்யாணமா, தேர்வா, வெளிநாட்டுப் பயணமா, எதைக் கேட்டாலும் ஏதாவதொரு ஈரடி பொருந்திவிடுகிறது. ஒவ்வொரு ஈரடியும் தனித்து நிற்பதும், ஒவ்வொன்றும் இரண்டு பக்கம் பார்ப்பதும் சேர்ந்தால் பொருந்தாமல் எப்படி இருக்கும்?

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஹாஃபிஸ் பெயரில் இணையத்தில் சுற்றும் ஆங்கில வாசகங்கள் பலவற்றுக்குப் பாரசீக மூலமே கிடையாது. இத்தனை காலம் ஒளி கொடுத்தும் சூரியன் பூமியைக் கடன்காரி என்று சொன்னதில்லை என்ற வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் திவானில் இல்லை. சந்தேகம் வந்தால் இந்தக் கட்டுரையில் பார்த்ததை வைத்தே சோதிக்கலாம். எந்தக் கஸலின் எத்தனையாவது ஈரடி, காஃபியா என்ன என்று கேளுங்கள். பெயர்ப்பலகையைத் தவிர வேறு எதுவும் வராவிட்டால், ஃபார்வர்டு செய்யாமல் விட்டுவிடலாம்.